நாரங்கம் என்ற வடசொல்லின் வேரும் அதன் உறவுச் சொற்களும்

வடமொழியில் ‘நாரங்க’ என்று வழங்கும் கனிப்பெயர் தமிழ் நாரத்தையிலிருந்து அங்கே சென்றதா, அல்லது நாரத்தைதான் அங்கிருந்து இங்கே வந்ததா, ஆங்கிலம் வழியாக நாம் பெற்ற ஆரஞ்சு என்ற சொல்லுக்கும் இவற்றுக்கும் உறவு உண்டா என்பது கேள்வி. சுருக்கமாகச் சொன்னால், மூன்றும் ஒரே குடும்பத்துச் சொற்கள். நாரங்க என்ற வடிவம் தென்னாட்டு மொழியொன்றிலிருந்து வடமொழிக்குப் போயிருக்க வேண்டும் என்று கருதுவதற்கு வலுவான இலக்கணச் சான்று இருக்கிறது. நாரத்தை என்ற தமிழ்ச்சொல்லை நாரங்க என்பதன் திரிபாகக் கொள்ள இயலாது. ஆனால் நாறு என்ற வினையே இச்சொல்லின் வேர் என்று பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் நிறுவப்பட்ட ஒன்றன்று. அதில் ஓர் எழுத்துத் தடை இருக்கிறது. இந்த நான்கையும் ஒன்றாகக் கலந்து பேசுவதால்தான் இந்தச் சொல்லைப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் குழப்பத்தில் முடிகின்றன. ஆகவே தனித்தனியாகப் பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் வடமொழிச் சான்றுகள். வேதப் பாடல்களில் இந்தக் கனிப்பெயர் இல்லை. மருத்துவ நூல்களில்தான் இது தெளிவாகத் தென்படுகிறது. சுசுருத சங்கிதை உணவுப் பொருள்களின் குணங்களைக் கூறும் பகுதியில் ‘நாரங்க’ என்ற பெயரால் இக்கனியைக் குறிப்பிட்டு, இனிப்புக் கலந்த புளிப்புடையது, நெஞ்சுக்கு இதமானது, சோற்றில் விருப்பத்தை உண்டாக்குவது, வாதத்தைத் தணிப்பது, ஆனால் செரிப்பதற்குக் கடினமானது என்று சொல்கிறது. சரக சங்கிதை ஏறத்தாழ இதே குணங்களைச் சொல்லும் இடத்தில் பெயரை மட்டும் ‘நாகரங்க’ என்று தருகிறது. அமரகோசம் என்ற பழைய வடமொழி நிகண்டும் நாகரங்க என்ற வடிவத்தையே எடுத்துக்கொண்டு, அதற்கு இணையாக ‘ஐராவத’ என்ற பெயரையும் வைக்கிறது. பிற்கால அகராதிகளில் ‘நார்யங்க’ என்ற மூன்றாவது வடிவமும் உண்டு.

இப்படி ஒரே கனிக்கு நாரங்க, நாகரங்க, நார்யங்க என்று ஓசையால் நெருங்கியும் பொருளால் விலகியும் நிற்கும் வடிவங்கள் கிடைப்பது மொழியியலாளருக்கு நல்ல தடயம். ஒரு சொல் அந்த மொழியின் சொந்த வேரிலிருந்து பிறந்திருந்தால், அதன் பொருள் பேசுவோருக்கு ஓரளவேனும் விளங்கும், வடிவமும் நிலைத்திருக்கும். வெளியிலிருந்து வந்த சொல்லுக்கு அந்தப் பிடிமானம் இல்லை. எனவே, கற்றவர்கள் அதைத் தங்களுக்குத் தெரிந்த சொற்களாகப் பிரித்துப் பொருள் கொள்ள முயல்வார்கள். நாகம் என்றால் வடமொழியில் பாம்பு, யானை, ஈயம் என்று பல பொருள். ரங்கம் என்றால் நிறம். நாரி என்றால் பெண், அங்கம் என்றால் உறுப்பு. உருண்டு திரண்ட ஒரு கனிக்கு ‘நாரி அங்கம்’ என்று பெயர் பிரிப்பது கவிஞர்களுக்கு உவப்பாக இருந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஐராவதம் என்ற இணைப்பெயர் இன்னும் சுவையானது. அது இந்திரனின் யானை. நாகரங்கத்தில் உள்ள நாகத்தை யானை என்று பொருள் கொண்ட பிறகே ஒருவருக்கு ஐராவதம் என்ற பெயர் தோன்றியிருக்க முடியும். அதாவது, அமரகோசத்தின் காலத்திலேயே இந்தச் சொல்லின் உண்மையான பிறப்பு மறந்து, புதிய பொருள்கோள் வேரூன்றிவிட்டது.

நாரங்கத்தை அளவுக்கு மீறித் தின்ற யானை ஒன்று செரிக்காமல் வயிறு வெடித்து இறந்தது, அதனால் அந்த மரத்துக்கு ‘நாகரங்கம்’ என்ற பெயர் வந்தது என்று ஒரு கதை இணையத்தில் அடிக்கடி பகிரப்படுகிறது. மேலே சொன்ன பொருள்கோளின் மேல் பின்னர் எழுப்பப்பட்ட கதை அது. சொற்பிறப்புக்கு அதில் சான்று எதுவும் இல்லை.

இனி இலக்கணச் சான்றுக்கு வருகிறேன். இந்த விவாதத்தில் என் பார்வையில் மிக முக்கியமானதும், ஆனால் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான். தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தின் உயிர்மயங்கியலில் ‘மரப்பெயர்க் கிளவி மெல்லெழுத்து மிகுமே’ என்ற நூற்பா இருக்கிறது. அகரத்தில் முடியும் மரப்பெயர் நிலைமொழியாக நின்று, அதன் பின் வல்லெழுத்தில் தொடங்கும் சொல் வந்தால், இடையில் அந்த வல்லெழுத்துக்கு இனமான மெல்லெழுத்துத் தோன்றும் என்பது இதன் பொருள். விள என்ற மரப்பெயரோடு கோடு சேர்ந்தால் விளங்கோடு; தோல் சேர்ந்தால் விளந்தோல்; காய் சேர்ந்தால் விளங்காய். ஐகாரத்தில் முடியும் பனை போன்ற பெயர்களுக்கு அதே இயல் வேறொரு நூற்பாவில் ‘ஐ’ கெட்டு ‘அம்’ சாரியை வரும் என்கிறது. பனை, காய் இரண்டும் சேர்ந்து பனங்காய் ஆகிறது. மா மரத்தின் காய் மாங்காய், மாதுளையின் காய் மாதுளங்காய், நாரத்தையின் காய் நாரத்தங்காய் என்று இன்றும் நாம் சொல்வது இந்தப் பழைய வழக்கின் தொடர்ச்சிதான். சுருங்கச் சொன்னால், தமிழ் போன்ற ஒரு மொழியில் பல மரங்களின் காய்ப்பெயர் ‘ங்காய்’ என்று முடிவது மிக இயல்பான அமைப்பு.

இந்த ‘ங்காய்’ வாயில் எப்படி ஒலிக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். மெல்லெழுத்தை அடுத்து வரும் ககரம் ஒலிப்புடைய ககரமாகவே (ஆங்கில g போல) ஒலிக்கும். நாம் எழுத்தில் வேறுபாடு காட்டுவதில்லையே தவிர, காதில் அது தெளிவாக விழும். ஆகவே நார, நாரம் என்பது போன்ற ஒரு மரப்பெயர் காயோடு சேர்ந்தால் எழும் ஒலியில், அயல்மொழி பேசுபவர் இறுதி யகரத்தை மட்டும் விட்டுவிட்டால் மிஞ்சுவது நாரங்கா என்ற வடிவம். வடமொழியில் அகரத்தில் முடியும் ஆண்பாற் பெயர்கள் மிகுதி என்பதால் நெடில் குறுகி அந்த வரிசையில் அமர்ந்துகொள்வதும் எளிது.

இது வெறும் ஊகம் அன்று என்பதற்கு மலையாளம் இன்றுவரை உயிருள்ள சான்றாக நிற்கிறது. மலையாளத்தில் மரத்துக்கு ஒரு பெயரும் காய்க்கு வேறொரு பெயரும் சோடியாக வழங்கும். மாவு மரம், மாங்ஙா காய். தெங்ஙு மரம், தேங்ஙா காய். அதே வரிசையில் நாரகம் மரம், நாரங்ஙா காய். மூன்று சோடிகளிலும் காயின் பெயரிலுள்ள ‘ங்ஙா’ என்பது தமிழின் ‘ங்காய்’ தேய்ந்து நிற்கும் வடிவம். அங்கே நாரங்ஙா என்பது ஒரு தனிக் கனியின் பெயராக மட்டும் இல்லை. எலுமிச்சை இனம் முழுவதற்கும் பொதுப்பெயர். எலுமிச்சம்பழம் அங்கே செறுநாரங்ஙா, ஆரஞ்சு மதுரநாரங்ஙா, பம்பளிமாஸ் கம்பிளிநாரங்ஙா. ஓணச் சாப்பாட்டின் இலையில் வைக்கும் ஊறுகாய்க்குப் பெயர்போன வடுகப்புளி நாரங்ஙாவும் இந்த வரிசையில் ஒன்று. ஒரு மொழியில் இரவல் சொல்லாக வந்த பெயர் இவ்வளவு ஆழமாக, மரம் வேறு காய் வேறு என்ற உள்நாட்டு இலக்கணத்தோடு ஒட்டி, ஓர் இனத்துக்கே தலைப்பெயராக நிற்பது அரிது. டச்சு அதிகாரி வான் ரீடு மலபாரின் தாவரங்களைத் தொகுத்து 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளியிட்ட ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ் நூலிலும் ‘மல் நாரகம்’, ‘காட்டு நாரகம்’ என்ற வகையிலான பெயர்கள் இடம்பெற்றுள்ளன. எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்த பல காட்டு மரங்களுக்கும் இதே பெயர் அடைமொழியோடு வழங்கியதை அவை காட்டுகின்றன.

இதற்கு வரலாற்றுக் காலத்திலேயே நம் கண்ணெதிரே நடந்த இணையான நிகழ்ச்சி ஒன்று உண்டு. பதினாறாம் நூற்றாண்டில் மேற்குக் கரையில் இறங்கிய போர்த்துக்கீசியர் மாங்காய் அல்லது மாங்ஙா என்ற சொல்லைக் கேட்டு ‘மங்கா’ என்று எடுத்துக்கொண்டார்கள். அதுவே ஆங்கிலத்தில் மேங்கோ ஆயிற்று. மா என்ற மரப்பெயரும் காய் என்ற சொல்லும் இடையில் தோன்றிய மெல்லெழுத்தும் சேர்ந்த முழுத் தொடரையும் பிரிக்காமல் ஒரே சொல்லாக அவர்கள் கொண்டு சென்றார்கள். நாரங்கத்துக்கும் அதே விதி, ஓராயிரம் ஆண்டுக்கும் மேல் முன்னதாக, வடக்கு நோக்கிய பாதையில் நேர்ந்திருக்கிறது என்பதே என் முடிவு.

எதிர்த்திசையில் கேட்டுப் பார்ப்போம். நாரங்க என்ற வடசொல்லைத் தமிழ் கடன் வாங்கியிருந்தால் அது எந்த உருவில் இங்கே நின்றிருக்கும்? லவங்க என்பது இலவங்கம் ஆயிற்று. மிருதங்க என்பது மிருதங்கம் ஆயிற்று. அந்த வழியில் நாரங்கம் என்ற சொல்லும் தமிழ் அகராதிகளில் இருக்கத்தான் செய்கிறது. அது கடன் சொல்லே. ஆனால் மக்கள் வாயில் வழங்கும் நாரத்தை, நாரத்தம், நாரத்தங்காய், நார்த்தங்காய் ஆகியவற்றில் உள்ள தகரம் எங்கிருந்து வந்தது? ‘ங்க’ என்பது ‘த்த’ என்று மாறுவதற்குத் தமிழில் ஒலிவிதி எதுவும் இல்லை. மேலும், நாரங்கத்தில் காய் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது என்றால், தமிழ் வடிவம் மரப்பெயரை மட்டும் தனியே காட்டுகிறது. அந்த மரப்பெயருக்குச் சங்க இலக்கியத்திலேயே நெருங்கிய உறவு இருக்கிறது.

அதுதான் நரந்தம். குறிஞ்சிப்பாட்டில் மலைப்பெண்கள் பறித்துக் குவித்த மலர்களின் நீண்ட பட்டியலில் நரந்தம் ஒரு பூவாக வருகிறது. அதற்கு நாரத்தம்பூ என்று பொருள் கொள்வது வழக்கம். புறநானூறு 132ஆம் பாட்டில் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் ஆய் அண்டிரனைப் பாடும்போது, வடதிசை இமயத்தில் ‘நரந்தை நறும்புல் மேய்ந்த கவரி’ என்று ஒரு காட்சியைக் காட்டுகிறார். அங்கே நரந்தை மணமுள்ள ஒருவகைப் புல். பிற்காலத்தில் அகராதிகள் நரந்தத்துக்கு நாரத்தை, கத்தூரி, மணப்புல் என்று மூன்று பொருளையும் தருகின்றன. மூன்றுக்கும் பொதுவான குணம் நறுமணம் ஒன்றே. எலுமிச்சை இனத்து மரங்களின் இலையைக் கசக்கினாலும் பூவை முகர்ந்தாலும் எழும் மணத்தையும், எலுமிச்சைப் புல் என்று நாம் இன்று சொல்லும் புல்லின் மணத்தையும் அறிந்தவர்களுக்கு, இந்த இரண்டையும் ஒரே சொல்லால் சுட்டியதில் வியப்பு இருக்காது. நரந்தை என்பதன் முதல் நீண்டு, ‘ந்த’ என்பது வலிந்து ‘த்த’ ஆனால் கிடைப்பது நாரத்தை. இந்த மாற்றத்தின் ஒவ்வொரு படிக்கும் நேர்ச்சான்று காட்ட இயலாவிட்டாலும், நாரங்கத்திலிருந்து நாரத்தையை வருவிப்பதைக் காட்டிலும் இது பன்மடங்கு இயல்பானது.

வேர் எது என்ற கேள்விக்கு வரும்போதுதான் நிதானம் தேவைப்படுகிறது. பலரும் ‘நாறு + காய் = நாரங்காய், அதாவது மணக்கும் காய்’ என்று ஒரே மூச்சில் எழுதிவிடுகிறார்கள். பொருளளவில் இது மிகப் பொருத்தமானது. நாறுதல் என்பது இன்று கெட்ட மணத்துக்குச் சுருங்கிவிட்டாலும், பழந்தமிழில் அது எல்லா மணத்துக்கும் பொது. ஆனால் நாறு என்பதில் இருப்பது வல்லின றகரம். நாரத்தை, நரந்தம் இரண்டிலும் இருப்பது இடையின ரகரம். பழந்தமிழில் இந்த இரண்டும் வேறு வேறு ஒலிகள். எழுத்து வேறுபாடு மட்டும் அன்று. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூறு 235ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ‘நரந்தம் நாறும் தன் கையால், புலவு நாறும் என் தலை தைவரும் மன்னே’ என்கிறார். நரந்த மணம் கமழும் தன் கையால், புலால் நாற்றமுடைய என் தலையைக் கோதிவிடுவானே என்று கதறும் அந்த அடியில், நரந்தமும் நாறுதலும் தோளோடு தோள் உரச நிற்கின்றன. அங்கேயே நரந்தத்தில் ரகரம், நாறும் என்பதில் றகரம். இரண்டு சொல்லும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை என்று சொல்ல விரும்புவோருக்கு இதைவிடத் தெளிவான தடை இல்லை. மலையாளமும் இதே வேறுபாட்டைக் காக்கிறது: நாறுக என்ற வினையில் றகரம், நாரங்ஙாவில் ரகரம். நறுமணம் என்பதில் உள்ள நறு என்ற அடிக்கும் இதே றகரச் சிக்கல் உண்டு.

மாற்றாகச் சிலர் நார் என்ற சொல்லைக் காட்டி, நார் உள்ள காய் நாரத்தங்காய் என்கிறார்கள். இங்கே எழுத்துப் பொருந்துகிறது; பொருள் பொருந்தவில்லை. நாரத்தங்காயின் தோல் தடித்தது, சுளைகளுக்கு நடுவே சவ்வு உண்டு என்பது உண்மையே ஆயினும், நாரால் அடையாளம் பெறும் காய் அது அன்று. உப்பு நாரத்தங்காய் போடுபவர்கள் காயைச் சுருள் சுருளாக அரிந்து, உப்பை அடைத்து, வெயிலில் உலர்த்தும்போது கத்திக்கு நார் தடுப்பதில்லை. மேலெழுவது தோலின் எண்ணெய் மணம்தான். மணத்துக்காகவே அதன் இலையையும் நாம் விட்டுவைப்பதில்லை. வேப்பிலைக்கட்டி என்று பெயர் பெற்ற பண்டத்தில் வேப்பிலை இருக்காது. நாரத்தை இலையும் எலுமிச்சை இலையும் நரம்பு களைந்து, மிளகாய், ஓமம், பெருங்காயத்தோடு இடிக்கப்படும். ஆக, பொருளுக்கு ஏற்ற வேர் எழுத்தில் இடிக்கிறது. எழுத்துக்கு ஏற்ற வேர் பொருளில் இடிக்கிறது. என் கருத்து, நர, நார என்பது மணப்பொருளைச் சுட்டிய தனியோர் அடி என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பானது. நாறு என்பதோடு அதைக் கட்டாயப்படுத்தி முடிச்சுப் போட வேண்டிய தேவை இல்லை. அந்த முடிச்சு இல்லாமலேயே தென்னாட்டு மூலம் என்ற முடிவு உறுதியாக நிற்கிறது.

அந்த முடிவுக்கும் எதிராக இரண்டு வாதங்கள் முன்வைக்கப்படுகின்றன. ஒன்று, ‘அங்க’ என்ற முடிவு கனிப்பெயர்களில் மட்டும் வருவதன்று என்பது. லவங்க, பதங்க, மிருதங்க என்று வடமொழியில் இவ்வாறு முடியும் சொற்கள் பல. அவற்றில் சிலவற்றுக்கு ஆஸ்திரோ-ஆசிய (முண்டா, கெமர் போன்ற) மொழிகளில் மூலம் தேடியவர்கள் உண்டு. பிரெஞ்சு அறிஞர் பிரிசிலுஸ்கி சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் இந்தத் திசையில் நிறைய எழுதினார். எனவே ‘அங்க’ என்ற முடிவை மட்டும் பார்த்து எல்லாச் சொல்லையும் காய்க்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது தவறு. இலவங்கத்தில் காய் இல்லை, மிருதங்கத்திலும் இல்லை. ஆனால் நாரங்கத்தின் நிலை வேறு. இது காயின் பெயர்; இதன் முற்பகுதி மட்டும் தனியே மரப்பெயராக நாரகம், நாரத்தை என்று தென்னாட்டு மொழிகளில் நிற்கிறது. முடிவும் முற்பகுதியும் ஒரே மொழிக்குடும்பத்தில் விளக்கம் பெறும்போது வேறிடம் தேட வேண்டியதில்லை.

இரண்டாவது வாதம் இன்னும் வலுவானது. எலுமிச்சை இனத்தின் தாயகம் தென்னிந்தியா அன்று. 2018இல் நேச்சர் இதழில் வெளியான மரபணு ஆய்வு, இந்த இனம் இமயத்தின் தென்கிழக்கு அடிவாரத்தில், அதாவது அசாமின் கிழக்குப் பகுதி, வட மியன்மார், மேற்கு யுன்னான் ஆகியவற்றை உள்ளடக்கிய பகுதியில், சுமார் 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கிளைத்துப் பெருகியது என்கிறது. நாரங்கம் என்று குறிக்கப்படும் புளிப்பு ஆரஞ்சும் இயற்கையில் தனி இனம் அன்று. பம்பளிமாசும் மாண்டரின் ஆரஞ்சும் கலந்து உண்டான கலப்பு. மேகாலயத்தின் காரோ மலையிலுள்ள நோக்ரேக் காட்டில் காட்டு ஆரஞ்சு இன்றும் தானாக வளர்கிறது. காரோ மக்கள் அதை ‘மெமாங் நாரங்’ என்கிறார்கள், ஆவிகளின் நாரங்கம் என்று பொருள். மரம் வடகிழக்கில் பிறந்திருக்க, பெயர் மட்டும் தெற்கில் எப்படிப் பிறக்கும் என்று கேட்பது நியாயமே.

ஆனால் ஒரு மரத்தின் தாயகமும் அதன் பெயரின் தாயகமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற விதி இல்லை. வடமொழி பேசியோர் அந்தக் கனியை எவரிடமிருந்து முதலில் அறிந்தார்கள் என்பதே பெயரைத் தீர்மானிக்கும். கர்நாடகத்தின் பல்லாரிக்கு அருகிலுள்ள சங்கனகல்லுவில், புதிய கற்காலக் குடியிருப்பின் மரக்கரிகளில் எலுமிச்சை இனத்து மரத்தின் கரியும் அடையாளம் காணப்பட்டது. ஆகவே தென்னிந்தியாவில் இந்த மரங்கள் கிறித்துவுக்கு முந்தைய இரண்டாம் ஆயிரத்தாண்டிலேயே பழகியிருந்தன. அன்றியும், எலுமிச்சைக் குடும்பத்தின் நெருங்கிய காட்டு உறவுகள் மேற்கு, கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் ஏராளம். அவற்றுக்கு முன்பே வழங்கிய ஒரு மணப்பெயர் புதிதாக வந்த கனிமரத்துக்கும் நீட்டப்பட்டிருக்கலாம். நம் சிவன் கோயில்களில் மகாவில்வம் என்று போற்றப்படும் மரம் அத்தகைய உறவுகளில் ஒன்று. தாவரவியல் அதன் பேரினத்துக்கு இட்டிருக்கும் பெயர் ‘நாரிங்கி’. காரோ மலையின் நாரங் என்பதைப் பொறுத்தவரை, அது சமவெளியின் இந்தோ-ஆரிய மொழிகளிலிருந்து ஏறிச்சென்ற சொல்லாகவே தோன்றுகிறது. ஏனெனில் இந்தியில் நாரங்கி, மராத்தியில் நாரிங்க, சிங்களத்தில் நாரங் என்று அந்தக் குடும்பம் முழுவதும் இப்பெயர் பரவிக் கிடக்கிறது.

மேற்கு நோக்கிய பயணத்தில் ஐயத்துக்கு இடமே இல்லை. பாரசீகத்தில் இது நாரங். அரபியில் ககர ஒலி ஜகரமாகி நாரஞ்ச். பத்தாம் நூற்றாண்டின் அரபு வரலாற்றாசிரியர் அல்-மசூதி, நாரஞ்ச் மரம் ஹிஜ்ரி 300க்குப் பின், அதாவது கி.பி. 912ஐ ஒட்டி, இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டு ஓமானில் நடப்பட்டு, பிறகு பஸ்ராவுக்கும் ஈராக்குக்கும் சிரியாவுக்கும் பரவியது என்றும், தாய்மண்ணில் அதற்கிருந்த அருமையான மணமும் நிறமும் அங்கே குன்றிவிட்டன என்றும் எழுதினார். நாரத்தையின் மணத்தை அறிந்தவர்கள் அந்தக் குறிப்பை நெகிழ்ச்சியோடுதான் படிப்பார்கள். அரபியரோடு இம்மரம் ஸ்பெயினுக்கும் சிசிலிக்கும் சென்றது. ஸ்பானியத்தில் நாரன்ஹா, போர்த்துக்கீசியத்தில் லரான்ஜா, ஹங்கேரியத்தில் நாரஞ்ச், கிரேக்கத்தில் நெரான்ட்சி என்று முதலெழுத்து இருந்தோ திரிந்தோ நிற்கிறது.

இத்தாலியத்திலும் பிரெஞ்சிலும் முதல் நகரம் உதிர்ந்தது. அந்த மொழிகளில் ‘ஒரு’ என்ற பொருளில் முன்னால் வரும் ‘உன்’, ‘உனா’ போன்ற சொல்லின் இறுதி நகரத்தோடு கனிப்பெயரின் முதல் நகரம் கலந்துவிட, கேட்போர் அதை முன்சொல்லுக்கே உரியதாகக் கொண்டார்கள். இத்தாலியத்தில் அரான்சியா, பழைய பிரெஞ்சில் ஒரெஞ்ச். இந்த நகர இழப்பு ஆங்கிலத்தில் நடந்தது என்று சிலர் எழுதுவது பிழை. ஆங்கிலம் இச்சொல்லைப் பெற்றபோதே அதில் நகரம் இல்லை. பிரெஞ்சில் முதலெழுத்து ஒகரமானதற்குப் பொன்னைக் குறிக்கும் ‘ஒர்’ என்ற சொல்லின் சாயல் காரணம். இலத்தீனில் அதே பொன்னின் பெயரை வைத்து ‘அவுரான்டியம்’ என்று ஒரு வடிவம் எழுந்தது. 1753இல் லின்னேயசு தாவரப் பெயரிலும் அதையே வைத்தார். வடமொழியில் நாகமும் நாரியும் புகுந்ததைப் போலவே ஐரோப்பாவில் பொன் புகுந்தது.

நெதர்லாந்து அரச குடும்பத்தின் ஆரஞ்சு வேறு கதை. தென் பிரான்சிலுள்ள ஆரஞ்ச் என்ற நகரம் ரோமர் காலத்தில் அரவுசியோ என்ற பெயருடையது. கனியோடு பிறப்பால் தொடர்பில்லாதது. நசாவு குடும்பத்து வில்லியம் 1544இல் அந்தச் சிற்றரசின் உரிமையைப் பெற்றார். ஒலி ஒன்றாகிவிட்டதால் நிறமும் அக்குடும்பத்தின் அடையாளமானது. நிறத்தின் பெயராக இச்சொல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டதற்குக் கிடைக்கும் பழைய சான்று 1502ஆம் ஆண்டினது. கனியின் பெயர் அதற்கு வெகுகாலம் முன்பே அங்கே வழங்கியது. நிறம் கனியிலிருந்து வந்ததே தவிர, கனி நிறத்திலிருந்து வரவில்லை.

இதுவரை சொன்ன பெயர்கள் எல்லாம் முதலில் குறித்தது புளிப்பும் கசப்பும் கலந்த பழைய ஆரஞ்சை. இனிப்பு ஆரஞ்சு ஐரோப்பாவில் பிற்காலத்தில் பரவியபோது, அதைப் பரப்பியதில் முன்நின்ற போர்த்துக்கீசியரின் நாட்டுப் பெயரே பல மொழிகளில் கனிக்கும் ஒட்டிக்கொண்டது. அரபியில் புர்துகால், துருக்கியில் போர்ட்டகால், கிரேக்கத்தில் போர்ட்டோகாலி. கிரேக்கர் இன்றும் கசப்பு வகைக்கு நெரான்ட்சி என்ற பழைய பெயரையும் இனிப்பு வகைக்குப் போர்ட்டோகாலியையும் பிரித்து வழங்குகிறார்கள்.

தமிழிலும் ஏறத்தாழ அதே பிரிவு நேர்ந்தது. ஊறுகாய்க்குரிய காய் நாரத்தை என்ற பழம்பெயரிலேயே நின்றுவிட, இனிப்புப் பழம் ஆரஞ்சு என்ற பெயரோடு ஆங்கிலத்திலிருந்து திரும்பி வந்தது. முதல் நகரத்தை இழந்து, ககரம் ஜகரமாகி வந்த அந்தச் சொல்லை நாரத்தையின் உறவு என்று யாரும் அடையாளம் காணாமல் போனதில் வியப்பில்லை. தெலுங்கின் நாரிஞ்ஜ என்ற வடிவத்திலுள்ள ஜகரம் பாரசீக, அரபு வழக்கைத் தக்காணத்தில் கேட்டுக் கொண்டதன் விளைவாக இருக்கலாம். ஆரஞ்சு வகைகளுக்கு வழங்கும் பிற பெயர்களான கிச்சிலி, யாழ்ப்பாணத்தில் வழங்கும் தோடம்பழம், சிங்களத்தின் தொடம் ஆகியவை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. அவற்றின் பிறப்பைத் தனியாகவே ஆராய வேண்டும்.

கடைசியாக, நாரங்கத்தோடு சேர்த்துக் கேட்கப்படும் இரண்டு சொற்கள். ‘நாரிகேள’ என்ற தேங்காய்ப் பெயர் ஓசையால் நெருங்கினாலும் இதன் உறவு அன்று. அதில் நார் என்ற சொல்லைத் தேடுவதற்காவது பொருள் இடம் கொடுக்கிறது, ஆனால் அதன் அமைப்பு முற்றிலும் வேறு. மாறாக, ‘மாதுலுங்க’ என்ற சொல்லை நாரங்கத்தோடு ஒப்பிட்டே படிக்க வேண்டும். கோலாப்பூர் மகாலட்சுமி கையில் ஏந்தியிருக்கும் கனி அது; தடித்த தோலுள்ள பெரிய எலுமிச்சை வகை. மராத்தியர் அந்தப் பெயரையும் பொருள் விளங்குமாறு ‘மகாளுங்க’ என்று திருத்திக்கொண்டார்கள். மாதுளை, காய் இரண்டும் சேர்ந்த மாதுளங்காய் என்ற தொடருக்கும் மாதுலுங்கத்துக்கும் உள்ள ஒற்றுமை தற்செயல் என்று தோன்றவில்லை. மாதுளை வேறு, மாதுலுங்கம் வேறு அல்லவா என்று கேட்டால், தமிழில் அந்த எலுமிச்சை வகைக்கே கொம்மட்டிமாதுளை என்ற பெயர் இருப்பதை எடுத்துக்காட்டுவேன்.